கோகோஸ் பாமில் தேங்காய் காய்க்காது

எங்கள் வீட்டுப் பின்வளவில் இரண்டு மரங்கள் நிற்கின்றன. இந்த நாட்டில் அவற்றுக்குக் கோகோஸ் பாம் என்று பெயர். பெயரில்தான் கோகோஸ், மரத்தில் தேங்காய் கிடையாது. பாக்கு அளவில் செம்மஞ்சள் பழங்கள் குலைகுலையாகத் தொங்கும். பழந்தின்னி வௌவால்கள் வந்து பாதியைச் சப்பிவிட்டுப் பாதியைத் துப்பிவிட்டுப் போகும். பிரிஸ்பேனில் சொந்தமாக வீடு வாங்கிய ஆள் என்று இலங்கையில் எங்கள் ஊரான பாலமுனையில் எனக்கு ஒரு மரியாதை இருக்கிறது. அந்த ஆள் விடியற்காலையில் சுபஹு தொழுத கையோடு தும்புத்தடியைத் தூக்கிக்கொண்டு வௌவால் எச்சில் கூட்டப் போகிறான் என்பது ஊரில் எவருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

வீட்டைக் காட்ட வந்த பெண் முன்னறை, சமைக்கிற குசினி எல்லாம் காட்டி முடித்துக் கடைசியாகப் பின்கதவைத் திறந்து, “பின்னால் இரண்டு அழகான கோகோஸ் பாம் இருக்கிறது” என்றாள். நான் உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்தவன். தென்னையின் தாவரவியற் பெயர் கோகோஸ் என்று தொடங்கும் என்பது மட்டும் நினைவிருந்தது, மற்றதெல்லாம் மறந்துவிட்டது. “பரீதா, கோகோஸ் எண்டா நம்மட தென்னதான்” என்று மனைவியின் காதில் சொன்னேன். அவள் அண்ணாந்து பார்த்தாள். “இது ஓலையா, தும்புத்தடியா? என்னங்க இது, இப்பிடிச் சிலும்பிக்கிட்டு நிக்கிது?”

“குளிர் நாட்டுத் தென்ன அப்பிடித்தான் இருக்கும். இஞ்சத்த ஆட்டப் பாரு, எவ்வளவு மயிரு. ஆடு மாறினா மரம் மாறாதா?”

தென்னைக்குக் கீழே பிறந்து வளர்ந்தவனுக்குத் தென்னை தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். தெரியும். ஆனால் ஆசைப்பட்டு வீடு பார்க்கப் போகிறவனுக்கு அந்த நேரம் கண் வேலை செய்யாது. தூரத்திலிருந்து பார்த்தால் அதே சாம்பல் தண்டு, அதே வளையம், அதே நிமிர்வு. எனக்கு அது போதுமாக இருந்தது.

அன்று பின்னேரமே பரீதா தன் உம்மாவுக்குச் செய்தி சொன்னாள், வளவில் இரண்டு தென்னை நிற்கிறதென்று. மறுநாள் அது பாலமுனையில் நாலைந்து வாய் மாறி, நான் அவுஸ்திரேலியாவில் தென்னந்தோட்டம் வாங்கியிருக்கிறேன் என்று ஆகிவிட்டது. அடுத்து ஊரிலிருந்து வந்த ஒருவரின் பெட்டியில் எங்களுக்கென்று ஒரு திருவலை வந்து சேர்ந்தது. விமான நிலையத்தில் அதிகாரி அந்தப் பல்லு வைத்த இரும்பைத் தூக்கிப் பிடித்து, இது என்ன ஆயுதம் என்று கேட்டாராம். தேங்காய் திருவ என்று சொன்னதும், தேங்காய் எங்கே என்று பெட்டி முழுவதையும் கிளறினாராம். “தேங்காய் அங்க மரத்தில இருக்கு” என்று வந்தவர் எங்கள் வீட்டுப் பக்கம் கையைக் காட்டியிருக்கிறார். அந்த அளவுக்கு ஊர் எங்களை நம்பியிருந்தது.

மரம் பாளை வெடித்தபோது பரீதா சமையலைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். “இஞ்ச பாருங்க, குரும்பட்டி!” பச்சைப் பச்சையாகக் குட்டிக் காய்கள். மாஷா அல்லாஹ் என்று நானும் சொன்னேன். சில வாரங்களில் அவை செம்மஞ்சளாக மாறத் தொடங்கின. “செவ்விளநீரு! நாம செவ்விளநீர் மரம் வாங்கியிருக்கம்” என்று அவள் துள்ளினாள். நாங்கள் காத்திருந்தோம். காய் பாக்களவுக்கு வந்தது, அதோடு நின்றுவிட்டது. பிறகு பொலபொலவென்று கொட்டியது. பரீதா ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்து, வாயிலிருந்து நாரை இழுத்துப் போட்டுவிட்டு, திருவலையைக் கொண்டுபோய்க் கராஜில் கவிழ்த்து வைத்தாள். அன்றைக்கு முழுவதும் என்னோடு கதைக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் குழம்புக்கு, நாங்கள் ஆணம் என்போம், தகர டின்னில் அடைத்த தேங்காய்ப்பால்தான். அதை ஊருக்குச் சொல்லவில்லை. தென்னந்தோட்டக்காரன் டின் பால் வாங்குகிறான் என்று எந்த வாயால் சொல்வது?

எங்கள் வேலிக்கு அப்பால் கெவின் என்று ஒரு ஓய்வுபெற்ற மனிதர் இருக்கிறார். ஒரு ஹஜ்ஜுப் பெருநாள் அன்று ஊர்க்காரக் குடும்பங்கள் நாலைந்து எங்கள் வளவில் கூடியிருந்தன. பிள்ளைகள் ஓடி விளையாட, ஆண்கள் மரத்தடியில் பாய் விரித்திருந்தோம். கெவின் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். எங்கள் பக்கம் கையை நீட்டி, “தே டோன்ட் பிலாங் ஹியர், மேட்” என்றார். இதுகள் இந்த இடத்துக்கு உரியதுகள் இல்லை என்று அர்த்தம். அத்தோடு விடவில்லை. வெளியிலிருந்து வந்ததுகளாம். ஒன்று வந்தால் பத்தாகப் பெருகுமாம். போகிற இடமெல்லாம் குப்பையாம், இரவானால் ஒரே கீச்சுச் சத்தமாம். எல்லாவற்றையும் அரசாங்கம் முன்னமே நிறுத்தியிருக்க வேண்டுமாம்.

புரியாணிப் பீங்கானைப் பாயில் வைத்துவிட்டு எழும்பினேன். உள்ளே போய்ப் பரீதாவிடம் சொன்னேன். அவள் ஆத்திரப்படுவாள் என்று பார்த்தால், “பாவம், தனிச்ச மனிசன். வட்டிலப்பம் குடுத்துப் பாப்பம்” என்றாள். வட்டிலப்பம் போனது. அடுத்த கிழமை இடியப்பமும் இறால் ஆணமும் போயின. அதற்கடுத்த கிழமை அவரைக் கண்டதும் கெஞ்சுவது போல் நானே பல்லைக் காட்டினேன். அவர் வயிற்றைத் தடவிக்கொண்டு, சாப்பாடு பிரமாதம் என்று புகழ்ந்துவிட்டு, “அப்ப எப்ப அதுகளை அனுப்பப் போகிறாய்?” என்றார்.

“யாரை?” என்றேன்.

“பாம் மரங்களை!”

அல்லாஹ்வே! மனிதர் இவ்வளவு நாளும் மரத்தைத்தான் ஏசியிருக்கிறார். கோகோஸ் பாம் தென்னமெரிக்காவிலிருந்து அலங்காரத்துக்குக் கொண்டுவரப்பட்ட மரமாம். வௌவால்கள் கொட்டையைக் கொண்டுபோய்க் காட்டுக்குள் போட, அது அங்கேயும் முளைத்துக் களையாகிவிட்டதாம். ஒன்றை வெட்டினால் நகரசபை இந்த நாட்டு மரக்கன்று ஒன்றை இலவசமாகத் தரும் என்றும் சொன்னார். எனக்கு நிம்மதி வந்தது, ஆனால் முழுசாக வரவில்லை. மரத்தைப் பற்றித்தான் பேசினார் என்று தெரிந்த பிறகும் அவர் சொன்னவற்றில் ஒரு சொல்லாவது எனக்குப் பொருந்தாமல் போகவில்லையே.

இந்த நேரத்தில்தான் என் சகலன் நஜீம் கதைக்குள் வந்தான். பரீதாவின் தங்கையைக் கட்டியவன். கட்டாரில் ஒரு பெரிய வில்லாவில் தோட்டக்காரனாக இருந்துவிட்டு ஊர் திரும்பி, இப்போது பாலமுனையில் ‘லேண்ட்ஸ்கேப்’ செய்கிறான். வீட்டுக்கு முன்னால் நிற்கும் முருங்கையையும் வாழையையும் அகற்றிவிட்டு, கல் பதித்து, அழகுக்கு ஒரு மரம் நடுவதற்கு அந்தப் பெயர். என் மகனின் பிறந்தநாள் படத்தில் பின்னால் நின்ற மரத்தைப் பார்த்துவிட்டு உடனே அழைத்தான்.

“நானா, உங்கட வளவில குயீன் பாம் நிக்கிது! ஒண்டில்ல, ரெண்டு! நீங்க தென்ன எண்டீங்க?”

கோகோஸ் பாமுக்குக் கட்டாரில் குயீன் பாம் என்று பெயராம். ஊரில் என் தென்னந்தோட்டம் அன்றோடு போயிற்று. ஆனால் நஜீமுக்கு நான் இன்னும் உயர்ந்துவிட்டேன். “எங்கட அரபி ஒண்டே ஒண்டுதான் வெச்சிருந்தான் நானா. வெயில் காலத்தில அதச் சுத்தி ஈரச் சாக்குக் கட்டுவன். வேருக்கு ராப்பகலாத் தண்ணிப் பைப்பு. ஏசி மட்டுந்தான் பூட்டல்ல. நான் வெயில்ல காய்ஞ்சன், மரம் நிழல்ல நிண்டிச்சி.” யோசித்துப் பாருங்கள். கட்டாரில் அது ராணி, பிரிஸ்பேனில் களை, பாலமுனையில் என் புண்ணியத்தால் கொஞ்சக் காலம் தென்னந்தோட்டம். மரம் பாவம், எல்லா ஊரிலும் ஒரே மாதிரித்தான் நிற்கிறது.

நஜீமின் ஆசை, பாலமுனை வீட்டு முற்றத்தில் குயீன் பாம் நடுவது. அதற்கு, கேற்றுக்குப் பக்கத்தில் கூரைக்கு மேலாகச் சாய்ந்து நிற்கும் தென்னை போக வேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணத்தில் பெண்ணுக்கு வீடு கொடுப்பார்கள், மாப்பிள்ளை பெட்டியோடு வந்து சேர வேண்டும். பாலமுனை வீடு பரீதாவின் சீதனம். நாங்கள் இங்கே வந்த பிறகு பரீதாவின் உம்மாவான என் மாமியோடு நஜீம் குடும்பம் அதில் இருக்கிறது. ஆகவே மரத்தில் கத்தி வைக்க பரீதா ஓம் என்று சம்மதிக்க வேண்டும். பரீதா ஓம் சொல்லவில்லை.

அது சும்மா மரமில்லை. சுனாமி வந்த காலையில் என் மாமி அந்தத் தென்னையைக் கட்டிப்பிடித்துத்தான் தப்பினார். மாமா தப்பவில்லை. பரீதா அன்றைக்குக் கல்முனையில் சாச்சி வீட்டில் இருந்தாள். திரும்பி வந்தபோது வீடில்லை, வாப்பாவில்லை, அந்த மரமும் உம்மாவும் இருந்தார்கள். பிறகு அதே அத்திவாரத்தில் புது வீடு கட்டினோம், மரத்தை யாரும் தொடவில்லை. பரீதாவின் தொலைபேசியைத் திறந்தால் முதலில் தெரிவது அந்தத் தென்னையின் படம்தான்.

“ராத்தா, ஓல கூரையில விழுகிது, தேங்கா விழுந்து கூரச் சீற்று உடையுது” என்று நஜீம் இழுப்பான்.

“உடைஞ்சா மாத்துங்க. என்ட உம்மாட உசிரக் காத்த மரம் அது. அதுல கை வெச்சா நான் மனிசியா இருக்க மாட்டன்.”

இப்படியே வாரக் கணக்கில் போனது. அவன் அரபி வீட்டுப் பவுசைப் பேசுவான், இவள் அழுவாள், நான் இடையில் நின்று இரண்டு பக்கமும் ஏச்சு வாங்குவேன். வெளிநாட்டில் கிடப்பவளுக்கு ஊர் மரத்தில் என்ன உரிமை என்று அவன் ஒருநாள் வாய் தவறிக் கேட்டுவிட்டான். பரீதா பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தபோது, மறுபக்கத்தில் மாமி போனை வாங்கினார்.

“மகள், அவர ஏசாத. மரத்த வெட்டச் சென்னது அவரில்ல. நான்தான்.”

பரீதா போனை என் பக்கம் நீட்டிச் சத்தத்தைக் கூட்டினாள்.

“எல்லாரும் மரம் காப்பாத்தின மரம் காப்பாத்தின எண்டு செல்லுறீங்க. ஒரு கையால மரத்தப் புடிச்சா நிக்க ஏலாது புள்ள. ரெண்டு கையும் வேணும். ரெண்டாவது கையில உங்கட வாப்பாட கை இருந்திச்சி.” மாமி குரலைத் தாழ்த்தினார். “நான்தான் விட்ட. மறுகா இத்தின வருஷமா அந்த மரத்துக்குக் கீழதான் படுக்கன். ஒரு தேங்கா கூரையில விழுந்தா எழும்பி வாசலுக்கு ஓடுறன், அவர்தான் கதவுல தட்டுறாரு எண்டு. நீ படத்தில பாக்கிறாய் மகள். எனக்கு ஏலாமப் போச்சி.”

மாமி இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. பரீதா சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்து, “வெட்டுங்க உம்மா, வெட்டுங்க” என்று மட்டும் சொன்னாள். நான் அவள் பக்கத்தில் போய் இருந்தேன். எனக்கும் அழுகை வந்தது, அதை மறைக்கவும் இல்லை.

தென்னை விழுந்தது. அதன் குருத்தை மாமி சுண்டல் கறியாக்கி எல்லா வீட்டுக்கும் பங்கு கொடுத்தாராம். அதே இடத்தில் நஜீம் குயீன் பாம் நட்டான். கடற்காற்றும் உப்பு மணலும் ராணிக்கு ஒத்துவரவில்லை. புதுக்குருத்து மஞ்சளாகிக் கருகிச் சுருண்டு வந்தது. மாமி தொழுகைக்கு முன் வுழுச் செய்து கைகால் கழுவுகிற தண்ணீரைச் சேர்த்து அதன் வேருக்கு ஊற்றுகிறார். வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளை, ஊர் பிடிக்க நாளாகும் என்கிறார்.

இங்கே கெவின் மரம் வெட்டுகிறவனையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார், உதவியாக இருக்கட்டுமென்று. பரீதா அவரோடு இங்கிலீஷில் கதைப்பது குறைவு. அன்றைக்கு ஈரக்கையோடு வெளியே வந்து, மரத்தடியில் கையை வைத்து, “நோ. ஷி லிவ் ஹியர்” என்றாள். இவள் இங்கேதான் இருப்பாள் என்று.

ஷி என்று அவள் சொன்னது மரத்தை, கெவின் அதை அவளுடைய உம்மா என்று எடுத்துக்கொண்டு தொப்பியைக் கழற்றினார். “ஓ, உன் அம்மா வருகிறாரா? அதைச் சொல்லக் கூடாதா!” என்று அவளுக்கு வாழ்த்துச் சொல்லி, மரம் வெட்டுகிறவனைத் திருப்பி அனுப்பிவிட்டார். அம்மா எப்போது வருகிறார் என்று இப்போது காணும்போதெல்லாம் கேட்கிறார். இன்ஷா அல்லாஹ் என்கிறோம். அது எந்தக் கிழமை என்று அவருக்கு விளங்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை மாமி வீடியோவில் வந்தார். அங்கே மாமிக்குப் பின்னால் ஒரு மஞ்சள் குயீன் பாம், இடுப்பளவு. இங்கே பரீதாவுக்குப் பின்னால் யன்னலில் ஒரு பச்சைக் கோகோஸ் பாம், கூரைக்கு மேலே.

“மகள், இது எப்ப காய்க்கும்?”

“காய்க்கும் உம்மா, கொஞ்ச வருஷத்தில. பாக்களவுதான். கறிக்கு ஆகாது.”

மாமி யோசித்தார். “பாக்களவுதானே? அப்ப நல்லம். கூரையில விழுந்தாலும் சத்தம் கேக்காது.”

பரீதா சிரித்தாள். அந்த நேரம் பார்த்து எங்கள் தகரக் கூரையில் ஒரு பழம் டொக்கென்று விழுந்தது. பாலமுனையில் மாமியின் முகம் சடாரென்று வாசல் பக்கம் திரும்பியது.

“ஆர் மகள் அது?”

“ஒருத்தருமில்ல உம்மா” என்றாள் பரீதா. “மழ பெய்யிது.”