சித்தி ஒட்டாத ஐந்து பட்டைகள்

எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாராவது அவசரப்பட்டு ஒரு வேலையைக் கெடுத்துவிட்டால், "சின்னவ படகு ஒட்ன கதைதான்" என்பார்கள். சித்தியும் சேர்ந்து சிரிப்பாள். அந்தப் படகைக் கெடுத்தவன் நான். இருபது வருடங்களுக்கு மேலாகியும் யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது எனக்குப் பதினோரு வயது. ஒரகடத்தில் வீடு. சித்தப்பா இருங்காட்டுக்கோட்டையில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களை அனுப்புவதற்கான மரப்பெட்டிகள் அடிக்கும் கான்ட்ராக்ட் தொழிலாளி. சித்தி சாத்தூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வேலைக்கு வந்து, தோழிகளோடு வாடகை அறையில் இருந்தவள். இருவரும் தாங்களாகவே முடிவுசெய்து கல்யாணம் செய்துகொண்டார்கள். கல்யாணத்துக்கு வர மறுத்த சித்தியின் அப்பா, தலை தீபாவளிக்கு இரண்டு பேரும் வந்தால் எல்லாவற்றையும் மறந்துவிடுவதாகக் கடிதம் எழுதியிருந்தார். பஸ் டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

தொழிற்சாலை அதிகாரி ஒருவருக்கு ரிமோட்டில் ஓடும் சின்னப் பந்தயப் பாய்மரப் படகுகளில் பைத்தியம். சித்தப்பா அடித்த பெட்டிகளின் நேர்த்தியைப் பார்த்து, வரைபடத்தையும் மெல்லிய மரப்பட்டைகளையும் கொடுத்து, ஒரு படகின் உடலை ஒட்டித் தரச் சொன்னார். நன்றாக வந்தால் மர அச்சுகள் செய்யும் பேட்டர்ன் ஷாப்பில் பெர்மனன்ட் ஆக்குவதாகவும் சொல்லியிருந்தார். தீபாவளிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏரியில் விட வேண்டும்.

பலகையின்மேல் படகின் சட்டக்கூடு மீன் முள்போலக் கவிழ்ந்து கிடந்தது. சித்தப்பா ஒவ்வொரு பட்டையையும் தண்ணீரில் ஊறவைத்து, வளைத்து, பசை தடவி, குண்டூசி குத்தி நிறுத்துவார்.

"இந்தாண்ட ஒண்ணு ஒட்னா அந்தாண்ட ஒண்ணு ஒட்டணும். இல்லாங்காட்டி ஒரே பக்கமா இஸ்த்துக்கும்" என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். பெரியவர்கள் எல்லாவற்றுக்கும் இப்படி ஏதாவது சொல்வார்கள் என்று நினைத்தேன். ஒரு பக்கத்தையாவது முழுதாக முடித்துக் காட்டினால் அவர் அசந்துபோவார் என்பது என் கணக்கு. தீபாவளிக்கு ஐந்து நாள் இருக்கும்போது, அவர் இரண்டாவது ஷிப்டுக்குப் போன சமயம் பார்த்து, ஒரே பக்கத்தில் வரிசையாக ஐந்து பட்டைகளை ஒட்டினேன். மிக அழகாக ஒட்டியதாகவே எனக்குப் பட்டது.

காலையில் சித்தப்பா ஒரு கண்ணை மூடிக்கொண்டு படகின் முதுகெலும்பைப் பார்த்தார். அது வாழைப்பழம்போல வளைந்திருந்தது.

"எவன்டா இதுல கை வெச்சது?"

கையில் கிடைத்த மரச்சட்டத்தோடு அவர் எழுந்தபோது நான் சித்திக்குப் பின்னால் நின்றிருந்தேன். சித்தி திரும்பி என் விரல்களைப் பார்த்தாள்.

"நாந்தாங்க" என்றாள். "சீக்கிரம் முடிஞ்சா ஊருக்குக் கெளம்பலாம்ல. அதான்."

எல்லோரும் நம்பிவிட்டார்கள். அவளுக்குத்தானே அவசரம் இருந்தது.

"அம்மா வூட்டுக்குப் போற அவசரத்துல புருசன் பொழப்புல மண்ண வாரிப் போட்டுட்டியேடி" என்றாள் அம்மா.

சித்தப்பா சட்டத்தைக் கீழே போட்டார். "உனுக்கு இன்னா தெரியும்னு இத்தத் தொட்ட? ஊருக்குப் போய்ட்டா இத்த எவன் சரி பண்றது?"

அன்றைக்கே டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

எனக்கு அடி தப்பியது என்பதோடு, தீபாவளிக்கு இருவரும் எங்களோடு இருப்பார்கள் என்ற சந்தோஷமும் சேர்ந்துகொண்டது.

பிற்பகலில் சித்தி என்னைக் கிணற்றடிக்கு அழைத்துப்போய், விரலிடுக்குகளில் காய்ந்திருந்த பசையைத் தேங்காய் எண்ணெய் தடவி உரித்தெடுத்தாள்.

"இனிமே ஒட்டுனா அங்கிட்டு ஒண்ணு, இங்கிட்டு ஒண்ணுன்னு ஒட்டணும்யா. சரியா?"

தலையை ஆட்டினேன்.

விடுமுறை நாட்கள் முழுவதும் சித்தப்பா வெந்நீரில் நனைத்த துணியை வைத்து வைத்துப் பட்டைகளைப் பிரித்தார். சட்டங்களை நிமிர்த்தி, மறுபடி முதலிலிருந்து ஒட்டினார். பட்டையின் மறுமுனையைச் சித்தி பிடித்துக்கொண்டாள். தீபாவளியன்று புதுப்புடவையோடு கொஞ்ச நேரம் என்னோடு சங்குசக்கரம் விட்டாள். பிறகு போய்ப் பட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஏரியில் மழைத் தண்ணீர் நிறைந்து கிடந்தது. பாய் காற்றை வாங்கியதும் படகு லேசாகச் சாய்ந்து, கோடு கிழித்ததுபோல நேராகப் போனது. அதிகாரி சித்தப்பாவின் தோளில் தட்டி, "நாளைலேர்ந்து பேட்டர்ன் ஷாப்புக்கு வந்துடு" என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. இனி யாரும் எதையும் கிளற மாட்டார்கள்.

வீடு திரும்பும் வழியில், ஊருக்கு நல்ல செய்தி சொல்ல எஸ்.டி.டி. பூத்துக்குப் போனோம். சித்தப்பா வாசலில் சிரித்த முகத்தோடு நின்றார். நான் சித்தியின் பக்கத்தில் இருந்தேன்.

"பெர்மனன்ட் பண்ணிட்டாகம்மா... ஆமாம்மா. அன்னைக்கு லீவு கெடைக்கல, அவுக மேல தப்பில்ல... அப்பாட்ட குடேன்."

கொஞ்ச நேரம் காத்திருந்தாள். ரிசீவருக்குள் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. மேசைமேல், பேசும் நேரத்துக்குக் காசு கணக்கிடும் மீட்டரில் ஓடிக்கொண்டிருந்த சிவப்பு எண்கள் சட்டென்று நின்றன. சித்தி ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, வாசல்வரை கேட்கும்படி, "சரிப்பா... சரிப்பா... பொங்கலுக்கு வந்துர்றோம்ப்பா... அவுகளும் நல்லா இருக்காகப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மீட்டர் கெட்டுவிட்டது, சித்தி காசில்லாமல் பேசிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். பூத்காரர் கவனித்துவிடக் கூடாதே என்று, அவருக்கும் மீட்டருக்கும் நடுவில் போய் மறைத்தபடி நின்றுகொண்டேன்.