மிளகுப் பெட்டிக்குள் ஒரு குருத்தோலை

கொட்டாஞ்சேனை ஷெரோமியிடம் ஏற்றுமதிப் பத்திரம் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். தேநீர் ஆறுவதற்குள் மூன்று பிழை காட்டுவாள். சரக்கு அனுப்பும் கம்பனியொன்றில் பதினெட்டு வருடமாகக் கிளார்க். துறைமுகத்தில் அவள் கையெழுத்தைக் கண்டால் இரண்டாம் தரம் பார்க்காமல் அடுத்த மேசைக்குத் தள்ளிவிடுவார்கள். அப்பேர்ப்பட்டவள்தான் அந்தப் பெரிய பிழையை விட்டாள்.

பெட்டி சாந்தகுமாருடையது. துறைமுகத்துச் சனம் கொள்கலனைப் பெட்டி என்றுதான் சொல்லும். சாந்தகுமாருக்கு வெள்ளவத்தையில் ஒரு சின்ன ஏற்றுமதிக் கந்தோர், மாத்தளையில் அம்மா வீடு, அந்த வீட்டைச் சுற்றி மிளகு வளர்க்கும் அறுபத்திரண்டு குடும்பங்கள். எல்லாம் தேயிலைத் தோட்டத்து லய வரிசை வீடுகளை விட்டு வெளியே வந்து, கால் ஏக்கர், அரை ஏக்கர் என்று காணி தேடிக்கொண்ட சனம். மிளகு காய்ப்பது மாத்தளையில் என்றாலும் விலையைத் தீர்மானிப்பது டெல்லிதான். வெளிநாட்டு மிளகுக்கு ஆகக் குறைந்த விலை இவ்வளவு என்று இந்தியா ஒரு வருடம் சட்டம் போட்டதும், இங்கே வாங்கிக்கொண்டிருந்த முதலாளிமார் கையை விரித்துவிட்டார்கள். காயவைத்த மிளகைச் சாக்கில் கட்டி வைத்துக்கொண்டு அந்தச் சனம் திருதிருவென்று முழித்தது.

ஒரே வாசலை நம்பியிருந்தால் இதுதான் கதி என்று சாந்தகுமார் வேறு வாசல் தேடினான். இரண்டு வருடம் மின்னஞ்சல் எழுதினான், நாலு தடவை மாதிரி அனுப்பினான், பூச்சிமருந்து மிச்சம் இருக்கிறதா என்ற சோதனைக்கெல்லாம் ஈடுகொடுத்தான். கடைசியில் மெல்பேர்னில் ஒரு கம்பனி இறங்கி வந்தது. முதலில் ஒரே ஒரு பெட்டி. சுத்தமாக வந்து சேர்ந்தால் தொடர்ந்து வாங்குவார்கள், இல்லாவிட்டால் அத்தோடு சரி. ஆஸ்திரேலியாக்காரர் இந்த விஷயத்தில் பொல்லாத ஆட்கள். சரக்கோடு ஒரு பச்சை இலையோ, மண்ணோ, பூச்சியோ வந்தால் பெட்டியைத் திருப்பி அனுப்புவார்கள், சில நேரம் எரித்தும் விடுவார்கள்.

இதெல்லாம் ஷெரோமிக்குத் தண்ணீர் பட்ட பாடு. சாந்தகுமாருக்கு வரிக்கு வரி வாசித்து விளங்கப்படுத்தியவளே அவள்தான். குருத்தோலை ஞாயிறுக்கு மறுநாள் சாக்குகள் ஏறி முடிந்தன. உள்ளே இலை குழை ஒன்றும் இல்லை என்ற தாளில் அவள் கையெழுத்து வைத்தாள். வைத்த கையோடு கைப்பையைத் திறந்து, முதல்நாள் கோயிலில் ஆசீர்வதித்த ஓலையில் மடித்த சின்னச் சிலுவையை எடுத்துக் கதவோரச் சந்தில் செருகினாள்.

புதுச் சரக்கின் முதல் பெட்டிக்கு அவள் எப்போதும் அப்படித்தான் செய்வாள். டுபாய்க்கும் மாலைதீவுக்கும் எத்தனையோ சிலுவைகள் போயிருக்கின்றன, ஒருத்தரும் ஒன்றும் கேட்டதில்லை. அவளுக்கு அது ஆண்டவருடைய காவல். அதை ஓர் இலை என்று அவள் ஒருநாளும் நினைத்ததே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை வீட்டில் புனிதரின் சுரூபத்துக்கு மெழுகுதிரி ஏற்றப் போனாள். சுரூபத்தின் பின்னால் செருகியிருந்த இன்னொரு குருத்தோலைச் சிலுவையிலிருந்து கறுப்புப் பூச்சியொன்று ஊர்ந்து வந்தது. பெட்டிக்குள் வைத்ததும் ஓர் இலைதான் என்று அப்போதுதான் ஷெரோமிக்கு உறைத்தது. அப்படியே கதிரையில் குந்திவிட்டாள்.

முச்சக்கர வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த புருஷன் மெல்ரோய் ஓடிவந்து விஷயத்தைக் கேட்டான். பெட்டி துறைமுகத்துக்குள் போய்விட்டது, இனி யாருக்குத் தெரியப்போகிறது, ஆசீர்வதித்த சாமான்தானே, ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று ஆறுதல் சொன்னான்.

"ஆண்டவருக்கு மன்னிக்கத் தெரியும், மெல்ரோய். ஆஸ்திரேலியாக்காரனுக்குத் தெரியாது. வண்டியை எடுங்க."

வெள்ளவத்தை போகும் வழியெல்லாம் அவளுக்கு இரண்டு மனம். வேலை போனாலும் போகட்டும் என்று ஒரு மனம், பதினெட்டு வருடப் பெயர் நாறப்போகிறதே என்று இன்னொரு மனம். ஆனால் அந்த அறுபத்திரண்டு குடும்பத்தின் மிளகு தன்னால் எரிந்தால் பிறகு எந்த முகத்தோடு நற்கருணை வாங்குவது?

சாந்தகுமார் முகம் வாடி உட்கார்ந்திருந்தான். அவள் சுற்றி வளைக்கவில்லை.

"தம்பி, பெட்டிக்குள்ள நான் ஒரு குருத்தோலை வச்சிட்டன். என்ர பிழைதான். திறந்து எடுக்க வேணும்."

ஏச்சு வாங்கிக்கட்டப் போகிறோம் என்று நின்றாள். வியாழக்கிழமைக் கப்பலும் தவறிவிடும் என்று அவளே சொன்னாள். அவனோ விருட்டென்று எழுந்தான்.

"தொறந்துருவோம்க்கா. இப்பவே போயி எழுதிக் குடுத்துருவோம்."

என்ன தங்கமான பிள்ளை என்று ஷெரோமிக்குக் கண் கலங்கியது. உள்ளே போன பெட்டியை வெளியே எடுப்பது நாய் படாத பாடு. சுங்கத்துக்கு ஒரு கடிதம், கப்பல் கம்பனிக்கு ஒரு கடிதம், ஒவ்வொரு மேசையிலும் இது யார் பிழை என்ற கேள்வி. எல்லா இடத்திலும் தன் பிழை என்றே அவள் சொன்னாள். மறுநாள் பேலியகொடைப் பக்கத்தில் ஒரு களஞ்சிய முற்றத்தில் பெட்டி வந்து நின்றது. இலை, பூச்சி சோதிக்கும் தாவரத் தடுப்புக்காப்பு உத்தியோகத்தரான சிங்களப் பெண்மணி பார்த்துக்கொண்டிருக்க, சீல் வெட்டிக் கதவைத் திறந்தார்கள். ஷெரோமி தலை குனிந்தபடி போய்ச் சிலுவையை உருவி எடுத்தாள்.

அப்போது சாந்தகுமார் தொண்டையைச் செருமினான். ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு முழங்காலில் உட்கார்ந்து, சாக்குக்கும் தகரத்துக்கும் இடையில் தோள் வரைக்கும் கையை விட்டுத் துழாவினான். வெளியே வந்தது ஒரு மஞ்சள் துணி முடிச்சு. அதற்குள் ஓர் எலுமிச்சம்பழம், ஒரு கொத்து வேப்பிலை.

"அம்மா குடுத்து விட்டாங்க. அம்மன் கோயில்ல வச்சுக் கும்புட்டது. அத்தனை தடவ சொல்லிக் குடுத்தீங்களே, ஒங்க மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னு தெரியல. ரெண்டு நாளா சோறு எறங்கலக்கா."

ஷெரோமிக்கு ஏறிய கோபத்துக்கு அளவில்லை. இரண்டு அறை விட்டால் என்ன என்று கையை ஓங்கப் போனாள். அந்தக் கையில்தான் சிலுவை இருந்தது. என்ன செய்வது, சிரிப்புத்தான் வந்தது. அவனும் சிரித்தான், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். உத்தியோகத்தர் மட்டும் சிரிக்கவில்லை. இவ்வளவுதானா, இல்லை முழுக் கோயிலும் உள்ளே இருக்கிறதா என்று சிங்களத்தில் கேட்டுவிட்டு, கடைசிச் சாக்கு வரை வெளியே இறக்கவைத்தார். கூட்டி, மறுபடி புகையடித்து, அவர் திருப்திப்பட இரண்டு நாளானது.

திரும்பக் கதவைச் சாத்தும்போது இருவருக்கும் கை வெறுமையாக இருந்தது. ஷெரோமி வெயிலில் சுடுகிற கதவு இரும்பில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினாள். பக்கத்தில் சாந்தகுமாரும் வைத்தான்.

"இதுக்குச் சான்றிதழ் வேணாம்தானேக்கா?"

"வேணாம். ஆனா கையை எடுங்க, நான் கதவைப் பூட்ட வேணும்," என்றாள்.

பெட்டி பத்து நாள் பிந்திப் போனது. பிந்திய காரணத்தை மறைக்காமல் மெல்பேர்னுக்கு எழுதச் சொன்னவளும் அவள்தான். இரண்டு மாதம் கழித்துச் சாந்தகுமார் தொலைபேசியில் அழைத்தான். சரக்கு ஒரு குறையும் இல்லாமல் இறங்கிவிட்டதாம். இன்னும் இரண்டு பெட்டி கேட்கிறார்களாம். மாத்தளையில் சனம் கொடிக்கு உரம் போடத் தொடங்கிவிட்டதாம்.

அம்மாவிடம் உண்மையைச் சொன்னீர்களா என்று ஷெரோமி தயங்கித் தயங்கிக் கேட்டாள். அம்மன் பழத்தை எடுத்து வெளியே போட வைத்தவள் என்று அந்த மனுஷி வாழ்நாளெல்லாம் சபிக்குமோ என்ற பயம் அவளுக்கு இருந்தது.

"சொன்னேன்க்கா. ரெண்டு நாள் எங்கூடப் பேசல. இன்னைக்குக் காலைல கூப்புட்டு, அந்தக்கா கைராசிக்காரி, அடுத்த பெட்டியையும் அவங்க கையாலதான் பூட்டணும்னு சொல்றாங்க."

இத்தனை வருடத்தில் அவளிடம் எல்லோரும் கையெழுத்துத்தான் கேட்டிருக்கிறார்கள், கைராசியை ஒருத்தரும் கேட்டதில்லை. ஷெரோமி எப்போது வரவேண்டும் என்று மட்டும் கேட்டுவிட்டு, நாட்காட்டியை எடுக்க எழுந்து போனாள்.