குளத்தில் விட்ட பூட்ஸ்

என் மகளுக்குப் போலியோவில் இடது கால் சூம்பிப்போனபோது வயது ஒன்றரை. அதன்பிறகு எங்கள் வீட்டில் அவளைத் தரையில் இறக்கிவிட யாருக்கும் மனசில்லை. பாசமாம். எட்டு வயதுப் பெண்ணை இடுப்பில் சுமந்துகொண்டு திரிவதற்கு எங்கள் குடும்பத்தில் அப்படியொரு பெயர்.

எழுபதுகளின் கடைசியில், பாண்டிச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரி இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் முகாம் நடத்தியது. பிள்ளைகள் அங்கேயே தங்கிப் பயிற்சி எடுக்க வேண்டும். பெற்றோர் கூடவே இருக்கக் கூடாது. அனுப்பப்போகிறேன் என்றதும், வரிச்சிக்குடியிலிருந்து என் நாத்தனார் பஸ் ஏறி வந்து மூக்கைச் சிந்தினார்.

"பெத்தவளா நீ? சனி புடிச்ச புள்ளைய திருநள்ளாத்துல முழுக வைக்காம, கண்ட எடத்துக்கும் அனுப்புறியே!"

என் கணவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். அக்கா பேசும்போதெல்லாம் அவருக்கு முக்கியமான செய்தி ஏதாவது வந்துவிடும். நான் அனுப்பினேன்.

திரும்பி வந்தவள், இரும்புக் கம்பி வைத்த பூட்ஸோடு, காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் என் கையைத் தட்டிவிட்டுத் தானே படியிறங்கினாள். அவள் டக் டக்கென்று நடந்த சத்தத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. மறுபடி வந்திருந்த நாத்தனார் காதுக்கு அது அபசகுனமாம்.

அடுத்த சனிக்கிழமை, நான் ஆபீஸ் போயிருந்த நேரம் பார்த்து அவளைத் திருநள்ளாற்றுக்குத் தூக்கிப் போனார். நளன் குளத்தில் எண்ணெய் தேய்த்து முழுகி, உடுத்திய துணியை அங்கேயே விட்டுவந்தால் சனி விலகும் என்பார்கள். நான் வீடு வந்தபோது மகள் வெறுங்காலோடு மறுபடியும் அத்தையின் இடுப்பில் இருந்தாள்.

"துணியோட அந்த இரும்பையும் விட்டாச்சு. இனிமே அது எதுக்கு?"

எப்பேர்ப்பட்ட மூளை! வியாதி காலிலேயே இருக்கிறது. நடக்கவைத்த பொருளைத் தலைமுழுகிவிட்டு வந்திருக்கிறார்.

அப்போதே மகளோடு பஸ் ஏறினேன். அவள்தான் இடத்தைக் காட்டினாள். கரையில் குவிந்து கிடந்த ஈரத் துணிகளை இரண்டு கையாலும் வாரிப் போட்டேன். அடியில் கிடந்தது பூட்ஸ். தோல் ஊறியிருந்தது, கம்பி கோணவில்லை. அங்கேயே உட்கார்ந்து வாரை இழுத்துக் கட்டினேன்.

அவள் நடந்தே வீட்டுக்குள் நுழைவதைப் பார்த்து நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டார்.

"விட்டதை எடுத்துட்டு வந்துட்டியேடி! சனி பின்னாலயே வருமே!"

"வரட்டுங்க அண்ணி. சனீஸ்வரருக்கும் கால் நொண்டிதானாமே. எம்பொண்ணோட சேந்து நடக்கட்டும்."