கறுப்பு அப்பிள்கள்

எண்பதுகளின் நடுவில், ஓர் இலையுதிர் காலத்தில், நான் டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரத்தின் விளிம்பில் ஒரு பழைய விடுதியில் இருந்தேன். முன்பு ஆஸ்பத்திரித் தாதிமார் தங்கியிருந்த கட்டடம் அது. அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த எங்களை அங்கேதான் வைத்திருந்தார்கள். ஆண்களுக்குக் கீழ்மாடி, பெண்களுக்கு மேல்மாடி. என் அண்ணன் கீழே இருந்தார். மேலே என் அறையில் என்னுடன் இருந்தவர் மன்னாரிலிருந்து வந்த ஓர் அக்கா. அவருக்கு முப்பது வயதுகூட இராது. அவருடைய மகளுக்கு ஐந்து வயது. நான் யாழ்ப்பாணத்தில் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வந்தவள். கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்ததால், யாருக்கு எதை மொழிபெயர்க்க வேண்டுமென்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

அக்காவின் கணவர் கடற்தொழிலாளி. முந்தைய வருடம் ஒருநாள் விடியற்காலை வள்ளத்தில் போனவர் திரும்பவில்லை. அன்று கடலில் வேட்டுச் சத்தம் கேட்டதாகக் கரையில் நின்றவர்கள் சொன்னார்கள். வள்ளமும் வரவில்லை, உடலும் வரவில்லை. ஜெர்மனியில் இருந்த தமையன் ஒழுங்குசெய்து, கிழக்கு பெர்லின்வரை விமானத்திலும் பிறகு ரயிலிலும் கப்பலிலுமாகப் பிள்ளையோடு வந்து சேர்ந்திருந்தார். இவ்வளவையும் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே ஒரே மூச்சில் என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

ஆனால் அந்த விடுதியின் வெப்பக் குழாய்கள் தட்டும். பின்னேரத்தில் வெந்நீர் ஏறத் தொடங்கியதும் இரும்புக்குள்ளிருந்து டொக், டொக் என்று சத்தம் வரும். முதல்நாள் நானும் யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். இரண்டு நாளில் பழகிவிட்டது. அக்காவுக்குப் பழகவில்லை. ஒவ்வொரு தடவையும் எழுந்துபோய்க் கதவைத் திறந்து நடையின் இரு பக்கமும் பார்ப்பார். அங்கே பச்சை லினோலியத் தரையையும் தூரத்தில் எரியும் ஒரு விளக்கையும் தவிர வேறெதுவும் இருக்காது.

"குழாய்தான் அக்கா," என்பேன்.

"ஓம், தெரியும்."

ஒருநாள் மட்டும் கதவைச் சாத்திவிட்டு வந்து, "அவர் கடலாலை வந்தால் இப்பிடித்தான் மெல்லமாத் தட்டுவார். கூப்பிடமாட்டார். பிள்ளை எழும்பிவிடும் எண்டு," என்றார்.

பெண்களுக்கு டேனிஷ் சொல்லித்தர வாரத்தில் இரண்டு நாள் ஒரு மிஸ் வருவார். டேனிஷ் விவசாயி ஒருவரை மணந்து அங்கேயே தங்கிவிட்ட அமெரிக்கப் பெண். அவருடைய டேனிஷைக் கேட்டு விடுதியின் காவலாளியே சிரிப்பார். அக்டோபர் மாதக் கடைசியில் அவர் வகுப்புக்கு வந்து, பிள்ளைகளுக்கு ஹலோவீன் விருந்து வைக்கப்போவதாகச் சொன்னார். டேனிஷ்காரர்களிடம் அப்போது அந்த வழக்கம் இல்லை. அவர்களுடைய பிள்ளைகள் வேஷம் போடுவது பெப்ரவரியில். இத்தனை வருடமாக அந்த நாளில் தான் மட்டும் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்ததாக மிஸ் சொன்னார்.

"அண்டைக்கு என்ன விசேஷம் எண்டு கேள்," என்றார்கள் மற்றப் பெண்கள்.

மிஸ் விளக்கினார். நான் தமிழில் சொன்னேன்: "அண்டைக்குச் செத்தவை தங்கட வீடுகளுக்குத் திரும்பி வருவினமாம். பிள்ளையள் பேய் மாதிரி வெளிக்கிட்டு வீடு வீடாப் போய்க் கதவைத் தட்டுவினம். இனிப்புக் குடுத்து அனுப்பவேணும்."

பெண்கள் சிரித்தார்கள். எங்களூர்ப் பேய்கள் இனிப்போடு போய்விடாது என்று ஒருவர் சொன்னார். அக்கா சிரிக்கவில்லை.

"வீடு மாறிப் போயிருந்தால், வாறவை எப்பிடி வழி கண்டுபிடிப்பினம் எண்டு கேள் பிள்ளை," என்றார்.

நான் கேட்டேன். மிஸ் கையிலிருந்த வெண்கட்டியை மேசையில் வைத்தார். தான் டென்மார்க் வந்த பிறகுதான் தன் தாய் இறந்ததாகவும், தாய் ஒருமுறைகூட இங்கே வந்ததில்லை என்றும் சொன்னார். "எனக்குத் தெரியாது. நானும் அதை யோசித்திருக்கிறேன்," என்றார். நான் அதை மொழிபெயர்த்ததும் அக்கா அவரை முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

அப்பிள் இனிப்புச் செய்வதற்கு மிஸ் எங்கள் இருவரையும்தான் கேட்டார். விருந்துக்கு முதல்நாள் மத்தியானம் ஒரு கூடை அப்பிளோடு விடுதிக் குசினிக்கு வந்தார். அவருடைய தோட்டத்து அப்பிள். சின்னது, கல் மாதிரி இறுக்கம். கடையில் விற்கும் நேரான குச்சி வேண்டாம், பயங்கரமாகத் தெரியாது என்று சொல்லி, முற்றத்து மரத்தில் காய்ந்த சுள்ளிகளை ஒடித்துவரச் செய்தார். சுள்ளியைக் குத்தியதும் ஒவ்வொரு அப்பிளும் யாரோ புதைகுழியிலிருந்து கையை நீட்டினாற்போல இருந்தது. மிஸ்ஸுக்கு ஒரே சந்தோஷம்.

பாகு கறுப்பாக இருக்கவேண்டும் என்றார். கறுப்புச் சாயம் எங்கும் கிடைக்கவில்லை. அதனால் ஒரு பை நிறைய லக்றிஸ் கொண்டுவந்திருந்தார். அது டேனிஷ்காரர் பைத்தியமாகச் சாப்பிடும் கறுப்பு மிட்டாய், அதிமதுர வேரிலிருந்து செய்வது. எங்களில் ஒருவருக்கும் அது தொண்டைக்குக் கீழே இறங்கியதில்லை. அதைத் தண்ணீரில் கரையவிட்டு, சீனியைக் கொட்டி, சிவப்புச் சாயத்தையும் ஊற்றிக் கொதிக்க வைத்தோம். முதலில் காய்ந்த இரத்தத்தின் நிறம் வந்தது. பிறகு நுரை எழுந்து, குமிழிகள் பெருத்து மெதுவாக வெடிக்கத் தொடங்கின. நிறம் கறுத்தது. குசினி முழுவதும் ஒரு கசந்த இனிப்பு வாசம் நிறைந்தது.

கிண்டிக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது.

"கீல் காய்ச்சிற மணம்," என்றார்.

"என்ன கீல்?"

"வள்ளத்துக்குப் பூசிற கீல். ஓட்டை அடைக்கிறதுக்கு. நான்தான் அடுப்பிலை வைச்சுக் குடுப்பன். அவர் சுடச்சுடப் பூசுவார்."

பாகு அடிப்பிடிக்கப்போகிறது என்று பயந்து நான் அகப்பைக்குக் கை நீட்டினேன். அவர் தரவில்லை. ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டுப் பார்த்தார். அது கண்ணாடித் துண்டுபோல 'டிக்' என்று உடைந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, சட்டியைச் சரித்துப் பிடித்தபடி ஒவ்வொரு அப்பிளாகத் தோய்த்தார். ஒரு சுற்றுச் சுற்றி, மேலே தூக்கி, சொட்டு நிற்கும்வரை பிடித்து, பட்டர் பூசிய தாளில் நிறுத்தினார். ஓரிடத்திலும் தோல் வெளியே தெரியவில்லை. அவர் முகத்தில் அப்போது ஒரு தனிக் கவனம் இருந்தது. எங்கள் இருவரையும் மறந்துவிட்டார் என்று தோன்றியது.

பாகு இறுகியதும் மிஸ் வெள்ளைச் சீனி மாவைக் குழைத்து, மண்டையோட்டு முகம் கீறச் சொன்னார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு விலகி நின்றார்.

"நீ கீறு பிள்ளை. எனக்கு ஏலாது."

நான் கண்ணும் மூக்கும் பல்லும் வைத்தேன். கீறிய ஒவ்வொன்றையும் அக்கா எடுத்து, முகம் சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்துக்கொண்டே வந்தார். மகள் அந்த நேரம் குசினிக்குள் வந்து மேசையோரம் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, இவையெல்லாம் ஆர்?"

"ஒருத்தருமில்லை. அப்பிள்."

மறுநாள் பின்னேரம் ஆற்றிலிருந்து பனிமூட்டம் வந்து விடுதியைச் சூழ்ந்துகொண்டது. ஐந்து மணிக்கே நல்ல இருட்டு. மிஸ்ஸின் கணவர் வயலிலிருந்து மாட்டுக்குப் போடும் பெரிய கிழங்குகளைக் கொண்டுவந்து, உள்ளே குடைந்து, முகம் வெட்டி, மெழுகுதிரி ஏற்றி நடையில் வைத்தார். அந்தக் கிழங்கு விளக்கு மட்டும் டேனிஷ் பிள்ளைகளுக்கும் பழக்கமானதுதான். வெந்த கிழங்கின் மணம் மாடி முழுவதும் பரவியது. அக்கம்பக்கத்து டேனிஷ் பிள்ளைகளும் எங்கள் பிள்ளைகளும் விடுதிப் படுக்கை விரிப்புகளைத் தலையோடு போர்த்து, கண்ணுக்கு மட்டும் ஓட்டை வெட்டிக்கொண்டார்கள். போர்த்தபின் எது யாருடைய பிள்ளையென்று தெரியவில்லை. பெண்கள் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கவேண்டும், தட்டினால் திறந்து, 'ஆர் அது' என்று கேட்டுப் பயந்ததாக நடிக்கவேண்டும் என்பது மிஸ் சொல்லித்தந்த முறை.

நானும் அக்காவும் தட்டில் அப்பிள்களோடு கட்டிலில் இருந்தோம். தூரத்துக் கதவுகளில் சிரிப்பும் கூச்சலும் கேட்டன. அதனிடையே குழாய்களும் தட்டத் தொடங்கின. அக்கா எழுந்தார், பிறகு உட்கார்ந்தார். சற்றுப் பொறுத்து எங்கள் கதவில் சத்தம் கேட்டது. மிகவும் மெல்லிய தட்டல். நான் குழாய் என்றே நினைத்தேன்.

அக்கா போய்த் திறந்தார்.

நடையில் மின்விளக்கை அணைத்திருந்தார்கள். கிழங்கு விளக்கின் வெளிச்சத்தில் ஒரு சின்ன வெள்ளை உருவம் தனியாக நின்றது. விரிப்பு நீளம் கூடித் தரையில் இழுபட்டது.

"ஆர் அது?" என்று அக்கா, சொல்லித்தந்தபடியே கேட்டார்.

"நான் அப்பா," என்றது உருவம்.

மகளின் குரல். நான் கட்டிலிலிருந்து எழுந்துவிட்டேன்.

"அப்பா செத்துப்போனவர்தானே. அதுதான் வந்திருக்கிறன்."

பயமுறுத்தும் எண்ணமோ அழுகையோ அந்தக் குரலில் இல்லை. மற்றப் பிள்ளைகள் மந்திரவாதி என்றும் பேய் என்றும் சொன்னதுபோல அவளும் தான் யாரென்று சொன்னாள். அக்கா கத்துவார், அல்லது விரிப்பைப் பிடித்து இழுப்பார் என்று நான் நினைத்தேன். அவர் வாசலில் முழங்காலில் இருந்தார். அவருடைய முகமும் அந்த வெட்டிய ஓட்டைகளும் நேருக்கு நேர் இருந்தன.

"வழி எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?" என்று கேட்டார். மகளிடம் அவர் ஒருநாளும் 'நீங்கள்' என்று பேசியதில்லை.

"கப்பலிலை வந்தனான்."

"குளிரேல்லையோ?"

"குளிருது. தண்ணி நல்லாக் குளிர்."

"பசிக்குதோ?"

"ஓம்."

அக்கா தட்டை என்னிடம் கேட்கவில்லை. கையைப் பின்னால் நீட்டினார். நான் ஓர் அப்பிளை எடுத்து அந்தக் கையில் வைத்தேன். விரிப்புக்குள்ளிருந்து ஒரு சின்னக் கை வந்து அதை வாங்கிக்கொண்டது.

"இருந்திட்டுப் போங்கோவன்," என்றார் அக்கா. அவருடைய குரலை என்னால் இன்றும் சரியாகச் சொல்லிக்காட்ட முடியாது. கெஞ்சல் இல்லை. ஒரு மனைவி வழக்கமாகச் சொல்வதுபோலத்தான் இருந்தது.

"ஏலாது. மற்றக் கதவுகளும் கிடக்கு," என்றது உருவம். விரிப்பு தரையில் உராய, நடையின் இருட்டுக்குள் போய்விட்டது. அடுத்த அறையில் தட்டும் சத்தமும் அங்கிருந்த பெண் பொய்யாக அலறும் சத்தமும் கேட்டன.

அக்கா வாசலிலேயே இருந்தார். நான் பக்கத்தில் போய் இருந்தேன்.

"நான் ஒருநாளும் சொல்லேல்லை. அப்பா தொழிலுக்குப் போட்டார் எண்டுதான் சொன்னனான். நீ சொன்னனியோ?"

"இல்லை அக்கா."

"அப்ப பிள்ளைக்கு முந்தியே தெரிஞ்சிருக்கு," என்றார். அப்போதுதான் அழுதார். சத்தமில்லாமல், நீண்ட நேரம். எங்களைத் தாண்டிப் போன ஒரு டேனிஷ் பிள்ளை, இதுவும் விளையாட்டென்று நினைத்துக் கைதட்டிவிட்டுப் போனது.

படுக்கப்போகுமுன் மகளிடம் மெதுவாகக் கேட்டார், அப்பா செத்துப்போனதாக யார் சொன்னார்கள் என்று. பல்லெல்லாம் கறுத்திருந்த மகள் சொன்னாள்: "ஊரிலை எல்லாரும் கதைச்சவை. நான் நித்திரை எண்டு நினைச்சவை." பிறகு, "நீங்கள் அழுவியள் எண்டுதான் நான் கேக்கேல்லை," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

இரண்டு நாள் கழித்து ஆத்துமாக்கள் திருநாள். மன்னாரில் அன்று எல்லோரும் சேமக்காலைக்குப் போய்க் கல்லறைகளைத் துப்புரவாக்கி விளக்கு வைப்பார்கள் என்று அக்கா சொல்லியிருந்தார். முந்தைய வருடம் அவர் போகவில்லை. போனால் கணவரைச் செத்தவராக்கியதாக முடியும் என்று வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டாராம். இந்த முறை மிஸ்ஸைக் கேட்டு, அவருடைய காரில் மூவரும் நகரத்துக் கத்தோலிக்கக் கோயிலுக்குப் போனார்கள். மொழிபெயர்க்க நானும் போனேன். பூசையில் நினைவுகூர அக்கா தன் கணவரின் பெயரைக் கொடுத்தபோது சுவாமியார் ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டார், உயிரோடு இருப்பவருக்கா, இறந்தவருக்கா என்று. நான் அக்காவைப் பார்த்தேன். அந்தக் கேள்வியை நான் தமிழில் சொல்லுமுன்பே அவருக்கு அது விளங்கியிருந்தது.

"செத்தவருக்கு எண்டு சொல்லு," என்றார்.

பூசையில் அந்தப் பெயரை டேனிஷ் உச்சரிப்பில் வாசித்தார்கள். மகள் தாயின் மடியில் இருந்து, அது யாருடைய பெயர் என்று கேட்டாள். மிஸ்ஸும் தன் தாயின் பெயரைக் கொடுத்திருந்தார் என்பது அது வாசிக்கப்பட்டபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அடுத்த வருடம் அக்காவுக்கு இருக்க அனுமதி கிடைத்தது. ஓர் உறவினர் குடும்பத்தை நம்பி கொப்பன்ஹேகனுக்கு அருகே டோஸ்ட்ருப் பக்கம் போனார். வயோதிபர் இல்லம் ஒன்றில் வேலை. நான் ரண்டர்ஸிலேயே அண்ணனோடு ஒரு சின்ன வீட்டில் இருந்தேன். சில ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பார். அப்படி ஒருநாள், தன் ஊர் ஆள் ஒருவர் கொப்பன்ஹேகனுக்கு வந்திருப்பதாகச் சொன்னார். இந்தியாவில் முகாமில் இருந்துவிட்டு வந்தவராம். அக்காவின் கணவர் காணாமல்போன வருடம் இராமேஸ்வரம் பக்கக் கரையில் உடைந்த வள்ளம் ஒன்றும் இரண்டு உடல்களும் ஒதுங்கியதாகவும், அங்குள்ள மீனவர்களே அடக்கம் செய்ததாகவும், ஒருவருடைய கழுத்தில் நீலநூலில் கட்டிய உத்தரியம், கத்தோலிக்கர் அணியும் மந்திரித்த சின்னத் துணி, இருந்ததாகவும் அவர் கேள்விப்பட்டிருந்தார்.

"அந்த நூல் நான் கட்டினது," என்றார் அக்கா.

"அந்தச் சனம் அவரை அறியாயினம். எண்டாலும் குழி வெட்டி, சிலுவையும் வைச்சிருக்கினமாம்." பின்னால் மகள் டேனிஷில் ஏதோ கேட்பது கேட்டது. "பொறு, வாறன்," என்று அவளிடம் சொல்லிவிட்டு, "இவளுக்குப் பள்ளிக்கூடத்துக்கு உடுப்பு மினுக்கவேணும். பிறகு எடுக்கிறன் பிள்ளை," என்று வைத்துவிட்டார்.

நான் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவர் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, முழுவதையும் இன்னொருமுறை சொல்லச் சொன்னார்.