கிள்ளிப் பார்த்த அம்மா

வின்சியின் மகன் ஆரோனுக்குப் பத்து மாதம். தலையில் நீர் கோத்து, பெங்களூரில் அவசர அவசரமாக ஆபரேஷன் செய்து, மண்டையிலிருந்து வயிறு வரை தோலுக்கடியில் அந்த நீர் வடியக் குழாய் வைத்து அனுப்பியிருந்தார்கள். வாந்தி எடுத்தாலோ, ஓயாமல் தூங்கினாலோ, உச்சிக்குழி புடைத்தாலோ உடனே கொண்டுவரச் சொன்னார் டாக்டர். சொல்வது சுலபம். வலிப்பு மருந்து கொடுத்தாலும் பிள்ளை தூங்குகிறது, பல் முளைத்தாலும் வாந்தி எடுக்கிறது என்கிறார்கள். எது எதனால் என்று யார் கண்டார்கள்? இந்த வாரம் ஆரோன் இரண்டு தடவை வாந்தி எடுத்தான், பகலெல்லாம் தூங்கினான். உச்சிக்குழியைத் தடவித் தடவி, நேற்றைக்கு எப்படி இருந்தது என்பதே அவளுக்கு மறந்துபோனது.

"பல்லு மொளைக்குது கண்ணு, அதான்," என்றாள் மூக்கண்டப்பள்ளி லைன் வீட்டில் அடுத்த கதவுக்காரி சரசம்மா.

"மருந்து வேல செய்யுது. போன்ல கண்டதையும் படிச்சிட்டு பயப்படாத," என்றான் கணவன் பென்சன். ஷிப்டு முடிந்து வருகிறவனுக்குப் பிள்ளை அழாத வீடு சொர்க்கமாக இருந்தது. அவளுக்கும் இருந்தது, அதுதான் கொடுமை.

ஞாயிற்றுக்கிழமை, மாதாவுக்கு நேர்ந்தபடி மொட்டை போடக் கோயிலுக்குப் போனார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு தலையில் கை வைத்தாலே ஊரைக் கூட்டுகிறவன், கத்தி பட்டும் அப்பன் மடியில் பேசாமல் கிடந்தான்.

"என்னா சமத்து பாரு! மாதா கைவிடல," என்று பென்சன் உருகினான். சுற்றி நின்றவர்களும் தலையாட்டினார்கள். சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று வின்சிக்குப் புரியவில்லை. பிள்ளையின் உள்ளங்காலைக் கிள்ளினாள். இன்னும் அழுத்திக் கிள்ளினாள்.

"பைத்தியமா உனக்கு?" என்றான் பென்சன்.

"அழ மாட்டேங்கிறான்ங்க... பாருங்க, அழவே மாட்டேங்கிறான்!"

பாதி மொட்டையோடு பெங்களூருக்கு ஓடினார்கள். குழாய் அடைத்திருந்தது. மறுபடியும் ஆபரேஷன். "நல்லவேளை வந்தீங்க, முன்னாடியே வந்திருக்கலாம்," என்றார் டாக்டர். மெச்சுகிறாரா திட்டுகிறாரா என்று தெரியாமல் வின்சி தலையாட்டி வைத்தாள்.

வீடு திரும்பிச் சில நாளில், ஒரு மத்தியானம் ஆரோன் அயர்ந்து தூங்கினான். இது நல்ல தூக்கமா, அந்தத் தூக்கமா? பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள், முடியவில்லை. கிள்ளினாள். வீலென்று கத்தினான்.

வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சரசம்மா பார்த்துவிட்டாள். "தூங்குற புள்ளயப் போயி கிள்றியே, பாவமில்லியா?"

"பாவந்தான்க்கா," என்று பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டாள். சந்தோஷத்தில் அவளுக்கும் அழுகை வந்தது. சிவந்த காலில் முத்தம் கொடுத்துத் தட்டிக்கொடுக்க, அவன் விம்மி விம்மி ஓய்ந்தான்.

ஏன் ஓய்ந்தான் என்று மறுபடி அவன் முகத்தைப் பார்த்தாள்.