இன்னைக்குப் போச்சாக்கா?

மகள் வெளிக்குப் போனதற்கு மிட்டாய் கொடுத்த தாயை நான் பார்த்திருக்கிறேன். இராஜபாளையத்துப் பக்கம், காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்கிற விசைத்தறிச் செட்டில் எனக்கு அடுத்த தறி அவருக்கு. திருவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து பஸ்ஸில் வருவார். எங்களுக்கு அவர் அக்கா. அன்று காலை கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்து, "எடுத்துக்கோங்கட்டி, மக தானா வெளிக்குப் போயிட்டா" என்றார். "எக்கா, உலகத்துலயே பீக்கு மிட்டாய் கொடுத்தவ நீ ஒருத்திதான்" என்றாள் ஒருத்தி. தறிச் சத்தத்தை மீறிச் சிரித்தோம். சிரித்த கண்ணெல்லாம் நனைந்திருந்தது.

அந்தப் பிள்ளை மலவாசல் இல்லாமல் பிறந்தது. "வாயைக் கொடுத்த சாமி வாசலைக் கொடுக்க மறந்துட்டாரு" என்பார் அக்கா. மதுரையில் முதலில் வயிற்றில் துளை போட்டு உயிரைக் காப்பாற்றினார்கள். பிறகு கீழே வாசல் அமைத்து, வயிற்றுத் துளையை மூடினார்கள். அந்த வாசல் வழியாக முதன்முதலாகப் போனதற்குத்தான் மிட்டாய். அதிலிருந்து செட்டில் யாரும் அக்காவிடம் சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை. "இன்னைக்குப் போச்சாக்கா?" என்பதுதான் வணக்கம். "போச்சுட்டி, அம்புட்டும் போச்சு" என்று அவர் கையை விரித்த பிறகுதான் எங்களுக்கு டீ இறங்கும்.

புண் ஆற ஆற வாசல் சுருங்கும், வழவழப்பான கம்பியால் தினமும் விரித்துவிட வேண்டும் என்று டாக்டர் செய்து காட்டியிருந்தார். பிள்ளை காலை உதறி அலறும். "அழுத பிள்ளை பால் குடிக்கும்னு சொல்லுதாக. இவ அழுதா என் ஈரக்குலைல்ல அறுந்து போகுது" என்பார். ஒருநாள் கம்பி போடாமல் விட்டார். போகத்தான் செய்கிறதே என்று அப்படியே விட்டுவிட்டார். "பொறவு எதுக்குப் பச்சைப் பிள்ளையைப் போட்டு வதைக்கணும்?" என்று அவர் கேட்டபோது எங்களுக்கும் நியாயமாகவே பட்டது.

வாசல் சுருங்கி, உள்ளே மலம் கல்லாய் இறுகி, அதன் ஓரமாகச் சொட்டுச் சொட்டாகக் கசிந்ததைத்தான் நாங்கள் போச்சு, போச்சு என்று கொண்டாடியிருக்கிறோம். வயிறு உப்பிப் பிள்ளை தண்ணீரும் வேண்டாமென்றதும் மதுரைக்கு ஓடினார்கள். மறுபடி வயிற்றில் துளை, மறுபடி கீழே கத்தி. "அடக்குற உணர்வு இனி முழுசா வராதும்மா. தினமும் குடலைக் கழுவிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் அனுப்பணும்" என்றார் டாக்டர்.

இப்போது அவள் எட்டாம் வகுப்பு. அண்மையில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். காலையில் குழாய் மாட்டிய பையில் வெதுவெதுப்பான தண்ணீரைத் தானே நிரப்பிக்கொண்டிருந்தாள். நிரப்பியபடியே, கோபமில்லாமல் கேட்டாள்: "ஏம்மா, அன்னைக்கு என்னை அழவிட்டிருந்தா என்ன?"

"நீ அழுததைக் காது கொடுத்துக் கேக்க முடியலையே தாயி" என்றார் அக்கா.

அவள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். தண்ணீர் விழுகிற சத்தத்துக்குள்ளே வேறு சத்தம் ஏதும் இருக்கிறதா என்று, அக்கா கதவோடு காதை வைத்து நின்றார்.