கர்த்தா வீட்டில் இல்லை

எங்கள் வீட்டில் தமிழும் வங்காளமும் ஒருபோதும் கலந்ததில்லை. கதவுக்கு உள்ளே தமிழ். வாசலில் வந்து நிற்பவர்களிடம் வங்காளம். லேக் மார்க்கெட் பக்கத்துக் குடியிருப்புக்கு வந்த நாளிலிருந்து என் மனைவி காத்துவந்த ஒழுங்கு இது. பின்னாளில் பலவற்றை மறக்கத் தொடங்கியபோதும் இதை அவள் மறக்கவில்லை.

நான் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குத் துறைத் தலைவனாக இருந்தேன். ஓய்வு வயதைக் கடந்தும் இருமுறை பதவி நீட்டிப்பு பெற்றவன். மூன்றாம் முறையும் முதலாளி கேட்டுக்கொண்டபோது சம்மதிப்பதென்றே இருந்தேன். அவள் அடுப்பை அணைக்க மறப்பதும், வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கும் சேர்த்துச் சமைப்பதும் வயதின் இயல்பு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பகலில் உடனிருக்க ஓர் ஆயாவை அமர்த்தியிருந்தேன். அது போதும் என்று எண்ணினேன்.

ஒருநாள் கனமழை. தெருக்களில் தண்ணீர் தேங்கிவிடும் என்று மதியமே அலுவலகத்தை மூடிவிட்டார்கள். வீட்டு மணியை அழுத்தினேன். அவளே கதவைத் திறந்தாள். நனைந்து நின்ற என்னை ஏறிட்டுப் பார்த்து மரியாதையாகச் சொன்னாள்:

“கர்த்தா பாடி நேய். ஆபீஸே. ஷொந்தேபேலா ஆஷ்பேன்.”

வீட்டுக்காரர் இல்லை, அலுவலகத்தில் இருக்கிறார், மாலையில் வாருங்கள். உச்சரிப்பில் ஒரு பிழை இல்லை. அவள் என்னிடம் வங்காளத்தில் பேசியது அதுவே முதல் முறை. கதவின் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்பது எனக்குப் புரிந்தது.

மறுநாள் நீட்டிப்பை மறுத்துவிட்டேன். இருக்கச் சொல்லும்போதே எழுந்துவிடுவதுதான் மரியாதை என்று முதலாளியிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். பிரிவுபசார விழாவில் பலரும் அந்த வாக்கியத்தை எடுத்துச் சொல்லிப் பாராட்டினார்கள். வீட்டு விஷயம் வீட்டோடு இருக்க வேண்டும் என்பது என் கொள்கை.

அதன்பின் பகலெல்லாம் வேட்டியுடன் கூடத்தில் அமர்ந்திருந்த என்னை அவள் விருந்தாளியாகவே நடத்தினாள். “சா காபேன்?” என்று கேட்டு, ஆயாவிடம் சொல்லித் தேநீர் வரவழைத்தாள். வாழ்நாளெல்லாம் காபி மட்டுமே குடித்தவன் நான்.

ஆகவே இப்போது சாயங்காலமானால் கால்சட்டையும் காலணியும் அணிந்து, அலுவலகப் பையுடன் இறங்கிவிடுகிறேன். மார்க்கெட்டை ஒரு சுற்றுச் சுற்றி, கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு, பழைய நேரத்துக்கு வந்து மணியை அழுத்துகிறேன். கீழ்வீட்டுக்காரர், “கீ தாதா, ஏகோனோ ஆபீஸ்?” என்று, இன்னுமா அலுவலகம் என்பதுபோல் கேலி செய்வார். இன்னும் விடமாட்டேன் என்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் படியேறுவேன்.

நேற்றும் அவள்தான் திறந்தாள்.

“வந்துட்டேளா? ஏன் இவ்வளவு லேட்டு?” என்று பையை வாங்கிக்கொண்டாள். ஆயா கலந்த காபியை என்னிடம் நீட்டியபடி தொடர்ந்தாள்: “பகல் பூரா யாரோ ஒரு பெரியவர் வந்து உக்காந்திருந்தார். நல்ல மனுஷர்தான், ஆனா வாயே திறக்கலை. ஆத்துல யாரும் இல்லை போலிருக்கு, பாவம். நீங்க இருந்திருந்தா பேச்சுத் துணையா இருந்திருக்கும்.”

“நாளைக்கும் வந்தார்னா டீ வேண்டாம், காபி குடு” என்றேன்.

“நன்னாருக்கே! அவர் பெங்காலியாச்சே. டீதான் குடிப்பார்.”